ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: முதல் கூட்டத்துக்குப் போகுமுன்

தைப்பூசக் காவடிக்கும் புரட்டாசி விரதத்துக்கும் குடியை நிறுத்துகிறவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறைய உண்டு. தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கை நடுக்கமும் வியர்வையும் சில மணி நேரத்திலேயே தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 2 நாளுக்குள் வரும், பிதற்றல் 2, 3 நாள் கழித்தும் வரலாம். அதனால் முதலில் டாக்டர், பிறகு விரதம். முருகன் கோபிக்கமாட்டான்.

குடியை விட ஒருவருக்கொருவர் துணைநிற்கிறவர்களின் அமைப்புதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதன் கூட்டம் தேடும்போது 'திறந்த' கூட்டமா, 'மூடிய' கூட்டமா என்று கேளுங்கள். திறந்ததற்கு மனைவியோ அண்ணனோ கூட வரலாம். மூடியது குடியை விட விரும்புகிறவருக்கு மட்டும். பழைய பட்டியலை நம்பி, பூட்டிய ஹால் வாசலில் நின்று திரும்பியவர் மறுபடி கிளம்புவது அபூர்வம். புறப்படுமுன் போன் பண்ணி இடத்தையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் 1 முதல் 1½ மணி நேரம். கட்டணம் இல்லை, உண்டியல் சுற்றி வரும், புதியவர் போடவேண்டியதில்லை. முதல் பெயர் போதும். பேச விருப்பமில்லையென்றால் "இன்று கேட்கத்தான் வந்தேன்" என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். கூட்டம் சர்ச் ஹாலில் நடந்தாலும் அது மதம் மாற்றும் இடமல்ல. 'கடவுள்' என்ற சொல்லை அவரவர் புரிந்துகொண்டபடியே வைத்துக்கொள்ளலாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது.

முடிந்ததும் ஓடிவராதீர்கள். டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் கூட்டத்துக்கு வந்த ஒருவரின் போன் நம்பர் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் கூப்பிட வேண்டிய நம்பர் அது.