ஒரு டம்ளரில் ஒரு லிட்டர் உப்பு

சென்ற சித்திரையில் ஒரு நாள் இரவு முழுவதும் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. விடியும்போது கெண்டைக்கால் சதை இழுத்துக்கொள்ள, சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. அலமாரியில் இருந்த ஓ.ஆர்.எஸ். (பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலத்தைப் பிரித்து, முழுவதையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர், "என்னடா இது, கடல் தண்ணியாட்டம் கரிக்குது" என்று டம்ளரைத் தள்ளிவிட்டார். பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்த பிறகுதான் அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது என்பது தெரிந்தது. இருநூறு மில்லிலிட்டருக்கான சிறிய பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. அதையே நினைத்துக்கொண்டு இதைக் கலக்கியிருக்கிறேன். அளவு தவறினால் என்ன ஆகும் என்று அதன்பின் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சோடியம், பொட்டாசியம், குளோரைடு போன்றவை உடலின் நீரில் கரைந்து மின்னேற்றம் பெற்ற அயனிகளாக இருப்பதால் அவற்றை மின்பகுளிகள் என்கிறோம். செல்லுக்கு வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு இருந்தால்தான் நரம்பில் செய்தி ஓடும், தசை சுருங்கி விரியும். அதைக் காப்பதற்காகச் செல்லின் உறையில் உள்ள ஒரு புரதம் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. 1957இல் இதைக் கண்டறிந்து வெளியிட்ட டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) வரை இருக்க வேண்டும், பொட்டாசியத்துக்கோ 3.5 முதல் 5 வரைதான் இடம், அதைவிட்டு வெகுவாக விலகினால் இதயத்துடிப்பே தடுமாறிவிடும்.

போனது நீர்தானே, தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். போதாது, வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால், மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது நிறையக் குடித்து உடல் எடை கூடியவர்களிடம்தான் இது அதிகம் காணப்பட்டது.

எனக்கு வியப்பாக இருந்தது சர்க்கரையின் வேலை. தெம்புக்காகச் சேர்க்கிறார்கள் என்றே அதுவரை நினைத்திருந்தேன். சிறுகுடலின் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே விடும் ஒரு வாயில் உண்டு. ஒரு குளுக்கோஸ் நுழையும்போது இரண்டு சோடியம் கூடவே நுழையும், அவற்றின் பின்னால் தண்ணீரும் போகும். காலராவிலும் இந்த வாயில் மூடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் போங்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா ஆகியவற்றைக் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டவைத்தார். 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது.

2002இல் உலக சுகாதார நிறுவனம் திருத்திய அளவின்படி, ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட், 13.5 கிராம் குளுக்கோஸ் இருக்கும். இதில் சோடியமும் குளுக்கோசும் சரிசமமாக 75 மில்லிமோல். கரைசல் மிகவும் செறிவாகிவிட்டால், குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடலின் நீர் குடலுக்குள் வந்து பேதி கூடும். உப்பும் ரத்தத்தில் ஏறிவிடும். நான் கலக்கிய டம்ளர் அப்படிப்பட்டதுதான். சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களும் பேதி நேரத்தில் ஆகாதவை. பொட்டலம் கிடைக்காத ஊரில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் சேர்த்துக்கொள்ளலாம். பொட்டாசியம்தான் அதில் இராது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஆகவே கடுமையான பேதிக்கு அது மட்டும் போதாது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களோ மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. உப்பிட்ட அரிசிக் கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடைந்து அதே வாயிலைத் திறக்கிறது என்பதைப் படித்தபோது, காய்ச்சிக் கொடுத்த பாட்டியின் நினைவு வந்தது. அரை மணி நேரம் நடந்துவிட்டு வருபவருக்கு இவை எதுவும் வேண்டாம். தாகத்துக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடுமே போதும்.

அன்று காலை டம்ளரைக் கொட்டிவிட்டு, லிட்டர் பாட்டிலில் இன்னொரு பொட்டலத்தைக் கரைத்தேன். வாந்தி வந்தால் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மதியம் சிறுநீர் தெளிவாகப் போனது என்றார். மாலையில் எழுந்து உட்கார்ந்து, ரசம் வைக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.