வம்சாவளி கேட்டார்கள், படிவம் தமிழில் இல்லை

அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய் (மூளையைத் தாக்கி, கை கால்களைத் தன்னிச்சையாக ஆட வைக்கும் பரம்பரை நோய்) என்று உறுதியானதும், குடும்பத்தோடு ஆய்வில் சேரச் சொன்னார்கள். ரத்தம் எடுத்தது ஐந்து நிமிட வேலை. அலைய வைத்தது காகிதம்தான்.

நாங்கள் இருப்பது கேரளத்தின் வண்டிப்பெரியாரில். அத்தையும் பெரியப்பா பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பக்கம், கம்பத்தில். மூன்று தலைமுறைக்கு யாருக்கு எந்த வயதில் கை கால் தன்னிச்சையாக ஆடத் தொடங்கியது என்ற விவரம் வேண்டும். தாத்தா எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இறந்தவர். பழைய பதிவேட்டைக் கேட்டால், எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாரிசுச் சான்றிதழ் கேட்டார். தாலுகா அலுவலகத்தில் தவம் கிடந்து வாங்கிப் போனால், "அந்த வருடத்துப் புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டது" என்கிறார். இதை முதல் நாளே சொல்வதற்கு என்ன கேடு?

பழைய ரிக்கார்டுக்காக உயிரை விடாதீர்கள். அத்தை வாய்மொழியாகச் சொன்னதையே ஆய்வாளர் எழுதிக்கொண்டார்: "அப்பா கையில் டீக் கிளாஸ் நிற்காது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கங்காணி ஏசுவார்."

அடுத்த வில்லங்கம் ஒப்புதல் படிவம். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. "நான் சொல்கிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றார் ஓர் இளைஞர். அத்தை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "படிக்காத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத்தான் உன் மாமா திராட்சைத் தோட்டத்தை விட்டார்." குமுளி வழியாகத் திரும்பிப் போனதுதான் மிச்சம். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் படிவம் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. படிவத்தின் அடியிலேயே நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் இருந்தது, பேசினேன். தமிழ்ப் படிவம் வந்தது!

பெரியப்பா மகன் இன்னும் மறுக்கிறார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் நேரம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்பதால் அவர் பயத்தைக் குறை சொல்ல முடியாது. வெனிசுவேலாவில் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்கள் ரத்தம் கொடுத்ததால்தான் 1993இல் நான்காம் குரோமோசோமில் இந்த நோய்க்குக் காரணமான மரபணு பிடிபட்டது என்று டாக்டர் சொன்னதும் அத்தைதான் முதலில் கை நீட்டினார்.

ஆய்வுக்குக் கொடுத்த ரத்தத்தின் முடிவை எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். தெரிந்தே ஆக வேண்டுமென்றால் மரபணு ஆலோசனை பெற்று, தனியாகப் பரிசோதிக்க வேண்டும்; அறிகுறி இல்லாத, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குச் செய்வதில்லை. எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை மறக்காமல் கேளுங்கள். "ஃபைலில் இருக்கிறது" என்பார்கள். நகல் கைக்கு வரும்வரை நான் நாற்காலியை விட்டு எழவில்லை.