ரூட் எங்கே மூடுகிறது

2025 ஜூலை 7, திங்கள்
எழுதச் சிரமப்படும் என் பையனுக்கு, நான் பயிற்சி தருகிறவனுக்கு, மறுபடியும் வயிற்றுவலி. இரண்டாவது பீரியடில் தொடங்கி நான்காவதில் போய்விட்டது. மூன்றாவதில்தான் நோட்டு திருத்துவார்கள்.

ஜூலை 8
அவனுடைய அறிவுத்திறன் சோதனை ரிப்போர்ட் வந்தது. சொற்புரிதல் 134, செயல்வேகம் 82. கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒற்றை எண்: 108, "சராசரி". வகுப்பாசிரியர் அதைத்தான் பார்ப்பார். செயல்நினைவையும் (மனதில் பிடித்துவைத்துக் கையாளும் திறன்) வேகத்தையும் விலக்கிக் கணக்கிடும் பொதுத்திறன் குறியீட்டையும் எழுதித் தரச் சொல்லணும். ஆனால் அதைக் காட்டினால் "மூளை இருக்கு, எழுதத்தான் சோம்பல்" என்பார்கள். எப்படியும் அடி அவனுக்குத்தான்.

ஜூலை 10
மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வரவில்லை.

ஜூலை 11
ஸ்க்ரைப் (அவன் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்) பயிற்சி சண்டையில் முடிந்தது. "மைனஸ் பி பிளஸ் ஆர் மைனஸ் ரூட் பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி பை டூ ஏ" என்று இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை ஒரே மூச்சில் சொன்னான். எழுதியவர் ரூட்டை பி ஸ்கொயரோடு மூடிவிட்டார். டூ ஏ-வை ஃபோர் ஏசிக்குக் கீழே மட்டும் போட்டார். காதில் விழுந்தபடி அவர் எழுதியது சரிதான். இவன் பேனாவைப் பிடுங்கினான். பிறகு அரை மணி நேரம் வாய் திறக்கவில்லை. நடத்தைப் பதிவேட்டில் "கோபம்" என்று ஏறிவிடக் கூடாது.

இனி: "ரூட் திற", "ரூட் மூடு", "மேலே முழுசும்", "கீழே". ஒரு வரி சொன்னதும் நிறுத்தம். எழுதியவர் வாசித்துக் காட்டணும், அவன் தலையாட்டிய பிறகே அடுத்த வரி. நேரம் தின்னும், தின்னட்டும். மாற்றுத்திறனாளிகளின் தேர்வுக்கான மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் உண்டு, மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. அந்த ஒரு மணியைச் செலவழிக்கவும் பழக வேண்டும்.

ஜூலை 14, திங்கள்
நோட்டு முடிக்கும்வரை செஸ் கிடையாதாம். வாரத்தில் அவன் நிமிர்ந்து உட்காரும் இடம் அது ஒன்றுதான், அதிலா கை வைப்பது! எழுத்தில் ஐந்து வரி, மீதி வாய்மொழி என்று கேட்டிருக்கிறேன். வயிற்றுவலி இன்று முதல் பீரியடிலேயே.

ஜூலை 15
சான்றிதழ்? மருத்துவக் குழு அடுத்த புதன்தான் கூடுமாம்.

ஜூலை 17
அழித்து அழித்துத் தாளில் ஓட்டை. பென்சிலை நிறுத்திப் பேனா. தப்பானால் ஒற்றைக் கோடு, அவ்வளவுதான். முதல் சில நாள் அழுகை கூடும். அதற்காகப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

ஜூலை 18
செஸ் திரும்பக் கிடைத்தது. ஐந்து வரி என்பது எட்டானது.

ஜூலை 21, திங்கள்
ரூட் திற, ரூட் மூடு. ஏழு கணக்கு, 50 நிமிடம், ஒரே ஒரு சண்டை. கிளம்பும்போது கேட்டான்: "பரீட்சைக்கும் இவரேதான் வருவாரா?"

வரமாட்டார். நாளையிலிருந்து ஆளை மாற்றணும். முதலில் நூலகர், பிறகு கணக்கு தெரியாத யாராவது. சான்றிதழ் இன்னும்