மூங்கில் மரமா, புல்லா?

தாவரவியல் மூங்கிலைப் புல்லினம் என்கிறது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமோ அதை மரங்களோடு சேர்த்து எழுதி வைத்தது. இந்த ஒரு சொல்லை முன்னிட்டு, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா (லேகா) என்ற கோண்டுப் பழங்குடி ஊர் காத்திருக்க நேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருள், அதாவது காட்டில் வாழ்வோர் சேகரித்து விற்கக்கூடிய பொருள், என்று தெளிவாகவே குறிப்பிட்டது. அச்சட்டப்படி 2009-இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது அவ்வூருக்குச் சமூக உரிமை கிடைத்தது. ஆயினும், மூங்கிலை மரமாகவே கருதி, வெட்டிய மூங்கிலை வெளியே கொண்டுசெல்லத் தேவையான அனுமதிச் சீட்டை வனத்துறை தர மறுத்தது. விற்க முடியாத பொருளின் மீது உரிமை இருந்தென்ன பயன்? 2011 ஏப்ரலில், அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் சென்று சீட்டுப் புத்தகத்தைக் கிராம சபையிடம் ஒப்படைத்த பிறகே வழி திறந்தது.

சட்டப் போராட்டத்தைவிட என்னை அதிகம் ஈர்ப்பது அவ்வூர் முடிவெடுக்கும் முறைதான். அங்கே பெரும்பான்மை வாக்கு செல்லாது. அனைவரும் இசையும்வரை பேச்சு தொடரும், ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் காத்திருக்கும். அப்படிப் பேசிப் பேசித்தான், 2013-இல், தனியார் நிலத்தை ஊரின் பொதுவுடைமையாக்க வழிசெய்யும் கிராமதானச் சட்டத்தின்கீழ் தங்கள் சொந்த நிலங்களையும் அவர்கள் கிராம சபையின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள்.