பதினேழு வயதில் கிடைத்த மருத்துவ இடம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதக் கடைசியில் ஒரு மாலை, எங்கள் மகளுக்கு இளநிலைப் பட்டத்தையும் (பி.எஸ்.), இங்கே மருத்துவராவதற்கான முதல் பட்டமான எம்.டி.யையும் சேர்த்துத் தரும் ஏழாண்டு பி.எஸ்-எம்.டி. படிப்பில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. நியூ ஜெர்சியில் எங்களைச் சுற்றியுள்ள தமிழ்க் குடும்பங்களில் இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பேத்தி டாக்டர் ஆயிட்டா" என்று சொல்லி அழுதுவிட்டார். ஐந்து வாரம் கழித்து, அந்த இடம் வேண்டாம் என்று அவளே எழுதிவிட்டு, மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வழக்கமான நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தாள். இப்போது அதே இடத்தில் நின்று தவிக்கும் பெற்றோர் சிலர் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேரும் முறையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அமெரிக்க முறை பிடிபடச் சற்று நேரமாகும். இங்கே மருத்துவம் என்பது பட்டப் படிப்புக்குப் பிறகு வருவது. 1893இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி, பட்டம் பெற்றவர்களையே சேர்ப்பது என்று முடிவு செய்தது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் வெளியான ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை அந்தக் கல்லூரியையே மற்றவற்றுக்கு முன்மாதிரியாகக் காட்டியது. மருத்துவக் கல்லூரிக்குத் தயாராகும் பட்டப் படிப்புக் காலத்தை ப்ரீமெட் என்பார்கள், ஆனால் அந்தப் பெயரில் தனியாக ஒரு பட்டம் கிடையாது. வரலாறோ இசையோ எதை முதன்மைப் பாடமாக எடுத்தாலும், உயிரியல், வேதியியல், ஆர்கானிக் எனும் கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகியவற்றை ஆய்வகத்தோடு முடித்து, ஏழரை மணி நேரம் நீளும் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். அதன் மதிப்பெண் 472இலிருந்து 528 வரை செல்லும். இடம் பெறுகிறவர்களின் சராசரி 511, 512 என்ற அளவில் நிற்கிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 52,000 பேர் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தால், சுமார் 23,000 பேர்தான் உள்ளே போகிறார்கள். நன்றாகப் படித்த பிள்ளைகளும் வெளியே நிற்கிறார்கள் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

ஆகவே, உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போதே மருத்துவக் கல்லூரி இடத்தையும் உறுதி செய்துவிடும் கூட்டுப் படிப்புகளின் மேல் நமக்கு இவ்வளவு ஆசை இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத படிப்புகள் இருக்கின்றன. மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகம் 1971 முதல் ஆறே ஆண்டுகளில் இரண்டு பட்டங்களையும் முடித்துத் தருகிறது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏழாண்டுப் படிப்பு, மருத்துவர் போதாத பகுதிகளுக்குப் பொது மருத்துவர்களை உருவாக்கும் நோக்கத்தோடு 1973இல் பிறந்தது. பிரௌன் பல்கலைக்கழகத்தின் படிப்போ எட்டு ஆண்டுகள். அங்கே எம்கேட் கிடையாது, எந்தப் பாடத்தையும் முதன்மையாக எடுக்கலாம். இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "பி.எஸ்-எம்.டி. கிடைத்துவிட்டது" என்று பேசுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு.

எங்களுக்கு வந்த கடிதத்தின் முதல் பக்கம் முழுவதும் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தை என் கணவர் சமையலறை மேசையில் வைத்து, பென்சிலால் கோடிட்டுக்கொண்டே உரக்கப் படித்தார். ஒவ்வொரு பருவத்திலும் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. அறிவியல் பாடங்களுக்குத் தனிக் கணக்கு. பட்டத்துக்கான படிப்பு மூன்றே ஆண்டுகளில் முடிய வேண்டும். வேறு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் இந்த இடத்தின் மீது உரிமை இல்லை. படித்து முடித்ததும், "இது உத்தரவாதமில்லை, ஒப்பந்தம்" என்றார். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன் இத்தகைய நிபந்தனை ஒன்றில் மயிரிழையில் தவறி, இரண்டாம் ஆண்டு முடிவில் இடத்தை இழந்தான். அவன் சோம்பேறி அல்லன். அந்தப் பருவத்தில் அவன் தந்தை மருத்துவமனையில் இருந்தார். அதன்பின் எல்லோரையும் போலவே எம்கேட் எழுதி வரிசையில் நின்றான். அவனுடைய அம்மா அந்த நாட்களில் யாருடைய தொலைபேசியையும் எடுக்கவில்லை.

இதனால் கூட்டுப் படிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்லூரி நான்கு ஆண்டுகளையும், எந்தப் பாடம் எடுத்தால் ஏ வரும் என்ற ஒரே கவலையில் கழிக்கும் ப்ரீமெட் மாணவர்கள் ஏராளம். பதினைந்து இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பம், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை, நேர்காணல் என்று ஓர் ஆண்டே அதில் கரைந்துவிடும். அந்தப் பயத்திலிருந்து ஒரு பிள்ளைக்கு விடுதலை கிடைப்பது சிறிய விஷயமன்று. பிரௌன் போல, காலத்தைச் சுருக்காமல் சுதந்திரத்தைக் கூட்டித் தரும் படிப்பு என் மகளுக்குக் கிடைத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருப்பேன். அவளுக்குக் கிடைத்தது அதுவன்று.

எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது வேறு ஒன்று. அவள் பதினாறு வயதிலிருந்து எங்கள் ஊர் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் பயிற்சி உறுப்பினராகப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை இரவு வீடு திரும்பியவள், கோட்டுப் பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த மூதாட்டி ஒருவரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னவர் திரும்ப வாங்க மறந்துவிட்டார். மறுநாள் காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவள் இடுப்பு எலும்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "வீட்டுக்குப் போனா அவங்களை யாரும்மா பாத்துப்பாங்க?" என்ற கேள்வியையே பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவம் படிக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியையும் படிக்க வேண்டும் என்றாள். மூன்று ஆண்டுக்குள் அடைத்து வைத்த பாடத்திட்டத்தில் சமூகவியலுக்கும் பொதுச் சுகாதாரத்துக்கும் இரண்டு வகுப்புகளுக்கு மேல் இடம் இல்லை என்பதை அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள்.

பணத்தையும் சொல்லியாக வேண்டும். மருத்துவப் படிப்புக் கடனோடு வெளியே வருகிறவர்களின் கடன் பொதுவாக இரண்டு லட்சம் டாலரை ஒட்டி இருக்கிறது. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்கள் மத்திய அரசிடமிருந்து ஆண்டுக்கு 50,000 டாலரும் மொத்தத்தில் 2,00,000 டாலரும்தான் பெற முடியும். ஒரு பக்கம் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 2018 முதலும், பிராங்க்ஸில் உள்ள ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரி 2024 முதலும் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. பதினேழு வயதில் ஒரே கல்லூரியோடு கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், இத்தகைய கதவுகளைத் தட்டிப் பார்க்கவும் முடியாது. மறுபக்கம், ஓர் ஆண்டு குறைந்தால் ஓர் ஆண்டுச் செலவு மிச்சம் என்பதும் உண்மை. எங்கள் கணக்கில் மாநிலப் பல்கலைக்கழகம் கொடுத்த உதவித்தொகை அதை ஈடுகட்டிவிட்டது. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

என் அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. "கையில வந்த இடத்தை யாராவது விடுவாங்களா?" என்று மூன்று நாள் பேசவில்லை. அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. நாங்கள் தேர்ந்தெடுத்தது ஆபத்து கூடிய வழி, அதை மறைக்கமாட்டேன்.

போன டிசம்பரில் மகளுக்கு ஆர்கானிக்கில் பி வந்தது. தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவள் குரல் கம்மியிருந்தது. அந்தப் பழைய கடிதத்தின் நிபந்தனைகள் எனக்கு உடனே நினைவுக்கு வந்தன. எம்கேட்டுக்கு முன் இன்னும் ஓர் ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்று இருவரும் பேசிக்கொண்டோம், அதற்கு நாங்கள் தயார் என்று சொன்னேன். அதன்பின் அவள், தனியே வாழும் முதியவர்களை வீடு வீடாகச் சந்தித்து, மருத்துவமனையிலிருந்து திரும்பிய முதல் வாரம் எப்படிக் கழிந்தது என்று கேட்டெழுதும் வகுப்புப் பணியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினாள்.