தலைகீழாக வந்த தக்கலை

மாமா 1986-இல் துபாயிலிருந்து கொண்டுவந்த 48 கே ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் முப்பது வருடத்துக்கும் மேலாகப் பரணில் கிடந்தது. ஆடி மழையில் ஓடு ஒழுகியதால் அதைக் கீழே இறக்கினேன். ரப்பர் விசைகளுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடு பொடிந்துபோயிருந்தது. அதை மாற்றியதும் உயிர் வந்துவிட்டது. அப்போதே முடிவு செய்தேன்: இதிலிருந்து தமிழில் அச்சடித்து அப்பாவிடம் காட்ட வேண்டும். லண்டன் மிஷன் அச்சகம் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இயங்கிய நாகர்கோவிலில் தொழில் கற்று, தக்கலையில் முப்பத்தொரு வருடம் அச்சுக் கோத்தவர் அவர்.

இந்த இயந்திரத்தில் ஓர் எழுத்து என்பது எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம், எட்டு பைட். நாமே வரைந்துகொள்ள 21 எழுத்துக்குத்தான் இடம் தந்திருக்கிறார்கள். ஆனால் எழுத்துத் தொகுதி எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்தின் நினைவகத்தில் 23606, 23607 என்ற எண்ணுள்ள இரண்டு இடங்கள் சொல்கின்றன. அவற்றை மாற்றினால் 96 எழுத்துகள் கொண்ட புதிய தொகுதியே வந்து உட்கார்ந்துவிடும்.

தமிழுக்கு எத்தனை தேவை? உயிரும் ஆய்தமும் 13, மெய் 18, அகரமேறியவை 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72, துணைக்காலும் கொம்புகளும் 4. ஆக 125. 1978 சீர்திருத்தம் வந்திராவிட்டால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் தனி வடிவம் கேட்டிருக்கும். பழைய கேஸில், அதாவது அச்செழுத்துகளைப் பிரித்து வைக்கும் பெட்டியில், அவற்றுக்குத் தனித்தனி அறை இருந்ததை அப்பா விரல் நீட்டிக் காட்டினார், கேஸ் இன்னும் எதிரில் இருப்பதுபோல.

எனவே இரண்டு தொகுதிகள். முதலாவதை நினைவகத்தில் 60000-இலும் அடுத்ததை 60768-இலும் வைத்தேன். 23607-இல் உள்ள எண்ணை ஒன்று கூட்டினால் தொகுதி 256 இடம் நகரும். 768 என்பது மூன்று 256 என்பதால், 23607-இல் 233 இருந்தால் முதல் தொகுதி, 236 இருந்தால் இரண்டாவது. நினைவகத்தில் ஓர் எண்ணை மாற்றும் ‘போக்’ கட்டளை, ஒரே ஒரு முறை. இது பிடிபட்ட இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

திரையில் தமிழ் வந்துவிட்டது. அச்சில் வரவில்லை. ஒன்பது ஊசி எப்சன் பிரிண்டரை இன்டர்பேஸ் ஒன் என்ற இணைப்புப் பெட்டி வழியாக இணைத்திருந்தேன். எழுத்தின் புள்ளிகளை எண்களாக்கி, எழுத்துக்கான ‘டி’ வழியில் அனுப்பினால் 32-க்குக் கீழுள்ள எண்களை அது விழுங்கிவிடுகிறது. 165-இலிருந்து மேலே உள்ளவற்றை ‘பேசிக்’ என்ற நிரல்மொழியின் கட்டளைச் சொற்களாக விரித்துவிடுகிறது. ‘பி’ வழியைத் திறந்தால்தான் எண்கள் அப்படியே போகும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. திரை எழுத்தைப் படுக்கை வரிகளாக வைத்திருக்கிறது; பிரிண்டர் ஊசிகளோ நெடுக்குவாட்டில் குத்துகின்றன. ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிப்போட வேண்டும். அச்சடிக்கும்போது பேசிக்கில் திருப்பினால் விடிந்துவிடும். ஒரே முறை எல்லாவற்றையும் திருப்பி கேசட்டில் பதிந்துகொண்டேன்.

முதலில் அடித்த சொல் ‘தக்கலை’. மேல் ஊசியின் மதிப்பு 128. நான் அதை 1 என்று எண்ணிவிட்டதால் ஒவ்வோர் எழுத்தும் தலைகீழாக விழுந்தது. தாளைக் கசக்கப் போனேன். அப்பா வாங்கிப் பார்த்து, கண்ணாடிகூடப் போடாமல், “தக்கலை” என்று வாசித்தார். ஸ்டிக்கில், அதாவது அச்செழுத்தைக் கோக்கும் கைச்சட்டத்தில், கோத்த எழுத்து அவர் கண்ணுக்கு ஆயுள் முழுவதும் இப்படித்தான், தலைகீழாக, இடமிருந்து வலமாகத் தெரிந்திருக்கிறது. “சரியாகத்தானே கோத்திருக்கிறாய் மக்களே” என்றார்.

நேராக்கிக் கொடுத்த பிறகுதான் திருத்தம் சொன்னார். “ணகரம் னகரம்போல இருக்கிறது. அச்சில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கிடையாது.” உண்மை. மீதமிருந்த 67 இடங்களில் சிலவற்றை எடுத்து ண, ஐ, ஊ ஆகியவற்றுக்கு இரண்டு கட்டம் கொடுத்தேன். அடுத்து, உகரத்தின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டியது. “வரிக்கு நடுவே ஈயத் தகடு வை.” பிரிண்டரில் வரி இடைவெளியை 72-இல் 12 பங்கு அங்குலமாக்கினேன். அதாவது அச்சுக்காரர் அளவில் ஏறக்குறைய எட்டு பாயிண்ட் எழுத்து, பன்னிரண்டு பாயிண்ட் வரி. இதை மட்டும் நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ‘ஜெபக் கூட்டம்’ என்று அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஜகரம் இன்னும் வரையவில்லை.