இடுப்பும் டிக்கெட்டும்

அக்டோபர் 3, வெள்ளி

முதல் ரோல்ஃபிங் அமர்வு முடிந்தது. தசையையும் அதன் மேல் சவ்வையும் கையால் அழுத்தி உடம்பை நேராக்கப் பார்க்கும் வைத்தியம். வைத்தியர் அரைக்கால் சட்டையோடு சுவரோரம் நிறுத்தி முன்னால், பின்னால், பக்கவாட்டில் படம் எடுத்தார். வலது தோள் நன்றாகவே தாழ்ந்திருக்கிறது. இத்தனை வருஷம் சட்டை தைத்த எந்த டெய்லரும் சொன்னதில்லை.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, எலும்பு பலவீனமா, கால் மரத்துப்போகிறதா, எல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் கை வைத்தார். இடுப்பு வலி என்று போனவனுக்கு இடுப்பைக் கடைசியில்தான் கொஞ்சம் தொட்டார். விலா எலும்புகளுக்கு நடுவே விரலைப் பதித்து, நான் மூச்சு விட விட நகர்த்திக்கொண்டே போனார். மூச்சைத் திறப்பதுதான் முதல் வேலையாம். மொத்தம் பத்து அமர்வு.

180 டாலர். இன்சூரன்ஸில் வராது.

அக்டோபர் 4

ஊரில் படுத்திருக்கும் அம்மா இன்றும் இரண்டு வாய் கஞ்சிதானாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் உட்கார முடிவது பத்து நிமிஷம். சோபாவில் அதைவிடக் கம்மி. ஆபீஸ் மீட்டிங்கில் சுவரோரம் நின்றே சமாளித்தேன். டென்வரிலிருந்து சென்னைக்கு, நடுவில் மாறுவது போக, ஆகாயத்திலேயே ஏறக்குறைய 20 மணி நேரம்.

அண்ணனிடம் இந்த வைத்தியத்தைப் பற்றிச் சொன்னேன். "எலே, அமெரிக்கா போயும் சுளுக்குதான் எடுக்கியா?" என்று சிரித்தான். அப்புறம் வழக்கமான கேள்வி. எப்போ வர்ற?

அக்டோபர் 10

பாதம், கணுக்கால், கெண்டைக்கால். உள்ளங்காலில் விரல் முட்டியை அழுத்தி இழுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நடந்தால் குதிகால் முழுசாகத் தரையில் படுகிறது. இடுப்பு அப்படியேதான்.

அக்டோபர் 14

தூக்கமில்லை. இரண்டு மணி வரை, இந்த வைத்தியத்தை உருவாக்கிய ஐடா ரோல்ஃப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1896-இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1920-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் டாக்டர் பட்டம், ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஆராய்ச்சி. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமில்லை. அறுபதுகளில் கலிபோர்னியாவின் எசலன் என்ற பயிற்சி மையத்தில் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ் என்ற மனநல மருத்துவருக்கு இதைச் செய்த பிறகு பெயர் பரவியிருக்கிறது. 1971-இல் இங்கே கொலராடோவில், போல்டரிலேயே ரோல்ஃபிங் பள்ளி.

அவர் சொன்னது: தசைகளைப் போர்த்தியிருக்கும் ஃபாசியா என்ற சவ்வு இறுகிக் கோணினால், உடம்பு புவியீர்ப்போடு மல்லுக்கட்டுகிறது. சவ்வை அழுத்தி நீட்டி, தலை, தோள், இடுப்பு, பாதம் எல்லாவற்றையும் ஒரு நேர்கோட்டில் அடுக்கிவிட்டால் அந்தச் சண்டை தீரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2008-இல் வந்த ஒரு கணக்கு இடிக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்துச் சவ்வையும் உள்ளங்கால் சவ்வையும் ஒரு சதவீதம் உருமாற்றுவதற்கே, கை வைத்தியத்தில் கொடுக்க முடியாத அளவு விசை வேண்டுமாம். ரோல்ஃபிங் செய்பவரான ராபர்ட் ஷ்லைப் 2003-லேயே சொல்லிவிட்டார்: கைக்கடியில் உடனே இளகுவதைச் சவ்வு நீளுவதாக விளக்க முடியாது, அதிலுள்ள நரம்பு முனைகள் வழியே நரம்பு மண்டலம்தான் தசையைத் தளர்த்துகிறது என்று.

அப்படியானால் அந்த நேர்கோடு? படத்துக்குப் படம் நான் நிற்கிற விதம்தான் மாறுகிறதோ என்னவோ.

அம்மாவுக்கு சோடியம் குறைந்திருக்கிறது.

அக்டோபர் 15

சோடியம் பரவாயில்லை.

அக்டோபர் 31

ஐந்தாவது. தொப்புளுக்குப் பக்கவாட்டில் விரல்களை வைத்துக் காத்திருந்தார். நான் மூச்சை விட்டதும் விரல் இறங்கியது. அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். குதிகாலை மேசையில் தேய்த்து முழங்காலை மடக்கச் சொன்னார். உள்ளே கயிறு போல ஒன்று அவர் விரலுக்கடியில் திரண்டு எழுந்தது, எனக்கே தெரிந்தது. சோவாஸ் தசை. முதுகெலும்பின் பக்கத்தில் தொடங்கித் தொடையெலும்பின் உட்பக்கம் போய் முடிகிறது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பவனுக்கு இது குறுகியே கிடக்கும் என்றார். வயிற்று வழியாக இடுப்பைத் தொடலாம் என்று யார் நினைத்தார்கள்.

ராத்திரி சாப்பாட்டில் முழு நேரமும் உட்கார்ந்திருந்தேன். ரசம் ஊற்றும்போதுதான் இவள் கவனித்தாள்.

நவம்பர் 1

சாயங்காலம் மறுபடி பத்து நிமிஷம்தான்.

பாஸ்டன் ஆய்வைத் திரும்ப வாசித்தேன், 2015-இல் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 46 பேர். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், இன்னொன்றுக்கு அதோடு ரோல்ஃபிங்கும். 20 வாரம் கழித்து வலியில் சொல்லும்படி வித்தியாசமில்லை. அன்றாட வேலைகளில்தான் இரண்டாவது கூட்டம் முன்னே நின்றது. சின்ன ஆய்வு, யாருக்கு எது நடக்கிறது என்பதும் அவரவருக்குத் தெரியும். இருந்தாலும் எனக்கு வேண்டியது அதுதானே. வலி அது பாட்டுக்கு இருக்கட்டும். உட்கார முடிந்தால் போதும்.

நவம்பர் 7

எரிச்சல். முதுகில் முழங்கையை வைத்துக்கொண்டு, "உடம்பு பழைய துக்கத்தைச் சேர்த்து வைக்கும், அழுகை வந்தால் அடக்காதீர்கள்" என்கிறார். என் துக்கம் பழையது இல்லை ஐயா, பாளையங்கோட்டையில் கட்டிலில் படுத்திருக்கிறது. வாயைத் திறக்கவில்லை. கீழ் முதுகில் அவர் கை போனதும் மூச்சு தானாக நீண்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மருத்துவர் கொடுத்த பயிற்சி தினமும் நடக்கிறது. நடையும்தான். நாளைக்கு இடுப்பு சரியானால் எதற்கு நன்றி சொல்வது?

நவம்பர் 9

மதினி வீடியோவில் காட்டினார். நின்றுகொண்டே பேசினேன். "ஏம்ல கூனிக்கிட்டு நிக்க" என்றாள் அம்மா. வேறு ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 14

ஏழாவது, கழுத்தும் தலையும். கையுறை போட்ட விரலை வாய்க்குள் விட்டுத் தாடையை உள்ளிருந்து அழுத்தினார். மூக்குக்குள்ளும். இதை முன்னாலேயே வாசித்திருந்தும் உடம்பு பின்வாங்கியது. வெளியே வந்து காரில் உட்கார்ந்தவன் வீடு வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

விடிகாலையில் அண்ணன் கூப்பிட்டான்.

டிக்கெட் போட்டாச்சு. செவ்வாய்க்கிழமை, ஃபிராங்க்ஃபர்ட் வழி. இரண்டிலும் நடைபாதை ஓர சீட்தான், எழுந்து நிற்கலாம். எட்டாவது அமர்வை ரத்து செய்யச் சொல்லி மெசேஜ் போட வேண்டும். இடுப்புக்கு வைக்கச் சின்னத் தலையணை